பள்ளிக்கூட வரலாற்றில் அம்மா சொன்ன ஓம்

என் பழைய பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் ஒரு பெரிய ஆண்டு நிறைவு வரப்போகிறதாம். பழைய மாணவிகள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். 'மகிழ்ச்சியான ஞாபகமாக இருந்தால் நல்லது' என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது. என்னிடம் இருக்கிற ஞாபகம் மகிழ்ச்சியா துக்கமா என்று எனக்கே இன்றுவரை பிடிபடவில்லை. இத்தாலியனில் தொடங்கிப் பார்த்தேன், நகரவில்லை. ஆகவே முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். பலெர்மோவில் என்னோடு ஒன்றாக வளர்ந்துவிட்டு லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் பறந்துபோன யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் உங்களுக்குத்தான். நீங்கள் போய்விட்டீர்கள், நான் இங்கேயே கிடக்கிறேன், ஞாபகம் வைத்திருக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

உங்களில் அநேகமானோர் அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போனீர்கள். நான் மட்டும் சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதற்காக நீங்கள் என்னைப் பண்ணிய பகிடியை நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைப் புல்வெளியில் என்னைக் கண்டதும் கைகூப்பி 'ஆமென்' சொன்னவர்கள் யார் யார் என்று பெயர் சொல்ல எனக்குத் தெரியும். பிழைத்துப் போங்கள்.

நான் அங்கே போனது என் கெட்டித்தனத்தால் அல்ல. கால்சாப் பகுதியில் அம்மா வேலை செய்த வீட்டு அம்மையார், சிஞ்ஞோரா, அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவி. அவர் ஒரு சொல் சொன்னார், எனக்கு இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் யாரும் அதை மறக்க அம்மா விட்டதில்லை.

வியா மக்வேதாத் தெருவில் செருப்புக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து போகும். சந்து முடிகிற இடத்தில் ஒரு பெரிய மரக்கதவு. அந்தப் பெரிய கதவை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. அதற்குள்ளேயே வெட்டிய ஒரு சின்னக் கதவால் குனிந்து போகவேண்டும். குனிந்து நிமிர்ந்தால் தெருச் சத்தம் எல்லாம் அறுந்துவிடும். தரைக்குப் போடும் மெழுகின் மணமும், சிஸ்டர்மாரின் குசினியிலிருந்து வருகிற கோப்பி மணமும், முற்றத்துத் தோடை மரங்களின் மணமும் சேர்ந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் யாராவது ஒரு வீட்டில் தரைக்கு மெழுகு போட்டால் எனக்கு லத்தீன் பாடம் ஒப்பிக்காமல் வந்துவிட்ட பயம் பிடிக்கிறது.

எனக்கு அந்தக் கட்டடத்தின்மேல் அடங்காத ஆவல். ஒரு படிக்கட்டு மேலே ஏறிப்போய் வெறும் சுவரில் முட்டி நிற்கும். வாசலறைச் சுவரில் மரத்தால் செய்த ஒரு சுழலும் பெட்டி இருந்தது. வெளியே நிற்பவர் முகத்தை உள்ளே இருப்பவர் பார்க்காமல் சாமான் மாற்றிக்கொள்வதற்காம். பள்ளிக்கூடம் ஆக முன்னர் அது வெளியாட்களுக்கு அடைத்த கன்னியர் மடமாக இருந்ததாம். நீண்ட நடைபாதை முழுக்க வருஷவாரியாகப் பிள்ளைகளின் படங்கள். பழைய படங்களில் இருக்கிற பெண்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள். முதலில் பிரபுக்களின் மகள்கள், பிறகு வழக்கறிஞர்களின் மகள்கள், பிறகு கடைக்காரர்களின் மகள்கள் என்று படத்துக்குப் படம் சப்பாத்துகள் மாறிக்கொண்டு வரும். முகங்களை விட்டுவிட்டு நான் சப்பாத்துகளைத்தான் பார்த்தேன். கடைசிப் படத்தில் வுச்சீரியாச் சந்தை மீன்காரரின் மகளும் நானும் ஒரே வாங்கில் இருக்கிறோம்.

மீன்காரரின் மகள்தான் என் சினேகிதி. வாய் பெரியது. 'இல்லை' என்று சொல்லச் சோம்பல்பட்டு நாக்கால் 'ட்ச்' என்று ஒரு சத்தம் போட்டு நாடியை மேலே தூக்குவாள், எல்லாப் பலெர்மோக்காரரும் செய்கிற மாதிரி. சிஸ்டர்மார் கேள்வி கேட்டாலும் அதே 'ட்ச்'தான். அதற்காக அவள் வாசலுக்கு வெளியே நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு முழுப் பள்ளித் தவணை வரும்.

எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்த சிஸ்டர் ஒல்லியான ஆள், எப்போதும் சுண்ணக்கட்டித் தூள் பூசிய கை. நான் கேட்ட கேள்விகளைப் பார்த்து எனக்கு 'பெர்க்கே' என்று பெயர் வைத்தவர் அவர்தான். பெர்க்கே என்றால் 'ஏன்', உங்களுக்குத் தெரியும். முதல் முதல் வந்த பிள்ளைகள் எங்கே படுத்தார்கள், படிக்கட்டு ஏன் சுவரில் முட்டுகிறது, சுழல்பெட்டிக்குள் ஆகக்கடைசியாக வைத்த சாமான் என்ன? சில கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சிலதற்கு, "எனக்குத் தெரியாது பெர்க்கே, தேடிப் பார்ப்போம்" என்றார். தெரியாது என்று சொன்ன முதல் ஆசிரியர் எனக்கு அவர்.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் தன் ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. ஆயர் வருகிறார், பழைய மாணவிகள் எல்லோரும் வருகிறார்கள். சரித்திர சிஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தின் வரலாற்றை யாரோ ஒருவர் நின்று பேச்சாகச் சொல்லக்கூடாது. பழைய மாணவிகளின் குரல்களை டேப் ரெக்கோடரில் பிடித்து வந்து மண்டபத்தில் போட்டுக் காட்டவேண்டும். குரலுக்கும் குரலுக்கும் நடுவில் ஒரு பிள்ளை மேடையில் நின்று, இது எந்தக் காலம், யார் பேசுகிறார் என்று வாசிக்கவேண்டும். ரெக்கோடரை இயக்கவேண்டியதும் அந்தப் பிள்ளைதான்.

அந்தப் பிள்ளை நான் என்று சிஸ்டர் சொன்னபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது.

ஆனால் மதர் சம்மதிக்கவேண்டும். பள்ளிக்கூடத்தின் தலைவி அவர்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அம்மா சிஞ்ஞோரா வீட்டு வேலை முடித்து அப்படியே வந்தார், கையில் ப்ளீச் மணம். மொழிபெயர்ப்பு நான்தான். நம் எல்லோருக்கும் அது சின்ன வயதிலேயே கிடைத்த உத்தியோகம்.

"உங்கள் மகள் ஞானஸ்நானம் பெற்றவளா?" என்று மதர் கேட்டார்.

"இல்லையெண்டு சொல்லு" என்றார் அம்மா. "ஆனால் மலையிலை இருக்கிற ரோசாலியா அம்மாட்டை நாங்கள் விடாமல் போறனாங்கள் எண்டும் சொல்லு. செருப்புப் போடாமல் ஏறுறனாங்கள் எண்டும் சொல்லு."

சொன்னேன். பலெர்மோவின் காவல் புனிதையின் பெயரைக் கேட்டும் மதரின் முகம் இளகவும் இல்லை, இறுகவும் இல்லை. "ஆயர் முன்னிலையில் இந்தப் பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்வது ஒரு கத்தோலிக்கப் பிள்ளையாக இருப்பதுதான் முறை" என்றார்.

சரித்திர சிஸ்டர் கையில் இருந்த சுண்ணத்தூளைத் தட்டினார். "மதர், இத்தனை வருஷத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்ட பிள்ளை இவள் ஒருத்திதான்."

மதர் எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். பிறகு "வெதியாமோ" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். அந்தப் பார்ப்போமுக்குள் ஒரு நிபந்தனை இருந்தது. எங்கள் வகுப்பில் இருந்த, பத்திரம் எழுதுகிற நோட்டாரின் மகளும் என் பகுதிகளை எல்லாம் பாடமாக்கி வைத்திருப்பாள். ஒத்திகைக்கு நான் ஒருநாள் வராவிட்டால்கூட மேடை அவளுக்கு. அதை மதர் தெளிவாகச் சொன்னார், நான் அம்மாவுக்குத் தெளிவாக மொழிபெயர்த்தேன். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில், "ஒருத்தருக்கும் சொல்லாதை, கண்படும்" என்றார். சொல்லிவிட்டு, வழியில் கண்ட ஊராட்கள் எல்லோருக்கும் தானே சொன்னார். மன்னார்ப் பக்கத்து வேதக்கார, கத்தோலிக்க அன்ரி ஒருவர், "எங்கடை பிள்ளையளுக்கே உது கிடைக்கேல்லை" என்றபோது அம்மாவின் நடையே மாறிவிட்டது. நம் பெற்றோர் இந்த ஊரில் மற்றவர் வீடுகளின் குளியலறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் ஆயருக்கு முன்னால் மேடையில் நிற்பாள் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சிஞ்ஞோராவின் குரலைப் பிடிக்கிற வேலை எனக்கும் மீன்காரர் மகளுக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்ததே ஒரு ரெக்கோடர்தான். அதை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு கால்சாவுக்கு நடந்தோம். செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஞாயிற்றுக்கிழமை விழா.

சிஞ்ஞோராவின் வீடு மாளிகை என்றுதான் பெயர். பாதி மாளிகை போரில் குண்டு விழுந்து கூரையில்லாமல் கிடந்தது. மீதிப் பாதியில் அவர் இருந்தார். வரவேற்பறைக் கூரையில் மேகத்துக்குள் மிதக்கிற பெண்களை வரைந்திருந்தார்கள், அதில் ஒருத்திக்கு முகம் இல்லை. சுண்ணாம்போடு சேர்ந்து விழுந்துவிட்டது. விழுந்த இடத்துக்கு நேர்கீழே அம்மா ஒரு வாளி வைத்திருப்பார். சிஞ்ஞோரா அந்த வாளியைப் பூச்சாடியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

யன்னல் பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் என்று மீன்காரர் மகள் மைக்கை நடைபாதைக் கதவுப் பக்கமாக வைத்தாள். அந்தக் கதவுக்கு வெளியே, சுவரில், சிஞ்ஞோராவின் டெலிபோன் இருந்தது. எங்கள் வீட்டில் போன் இல்லை. ஊரிலிருந்து அவசரம் என்றால் அழைக்க நாங்கள் கொடுத்திருந்ததும் அந்த எண்தான். அப்படியும் அது எங்களுக்காக ஒலித்தது குறைவு.

சிஞ்ஞோராவுக்குக் காது மந்தம், ஆனால் குரல் பெரியது. போர்க்காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். துறைமுகத்தில் குண்டு விழும்போது சிஸ்டர்மார் பிள்ளைகளை நிலவறைக்குள் இறக்கிவிடுவார்களாம். அங்கேயும் லத்தீன் நடக்குமாம். ஒரு தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாக வகுப்பு முழுக்கப் பகிர்வார்களாம். சப்பாத்து இல்லாத ஒருத்தி அப்பாவின் பூட்ஸைப் போட்டு வந்தாளாம். நான் சப்பாத்தைப் பற்றிக் கேட்டது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

"என் சீருடைக் கழுத்துப்பட்டி இன்னும் இருக்கிறது, வெள்ளைச் சரிகை" என்றார். "ஆகக்கடைசி அறை. அலுமாரிக்குள் தேடு. மேடைக்கு நீயே போட்டுக்கொள்."

என்னை அந்த அறைக்கு அனுப்பியது பூனையை மீன் சந்தைக்கு அனுப்பிய மாதிரி. பூட்டுகள் இல்லாத திறப்புகள் ஒரு பெட்டி நிறைய. ஒரு கைக்கு மட்டும் இருந்த கையுறை. எலும்புப் பிடி போட்ட விசிறி. பூச்சி உருண்டை மணம் மூக்கைக் குத்தியது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இது யாருடையது, ஏன் வைத்திருக்கிறார் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே நின்றேன். கழுத்துப்பட்டியைக் கண்டுபிடித்து, கண்ணாடி முன்னால் போட்டும் பார்த்தேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. அந்தச் சரிகைக் கழுத்துப்பட்டியை விழா முடிந்து நான்கு வீடு மாறியதில் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா இன்னும் நிலவறையில்தான் இருந்தார். மீன்காரர் மகள் நல்ல பிள்ளையாக மைக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "போன் அடித்தது, நிப்பாட்டினேன்" என்றாள். "கிழவி மறுபடி பேசத் தொடங்கிவிட்டார், போட்டுவிட்டேன்."

குசினியில் அம்மா கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவிக்கொண்டு நின்றார்.

"கதைச்சு முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. போன் ஆர்?"

"அது பிழையான நம்பர். நீ போய்ப் படி."

அன்று தொடங்கியதுதான் எங்கள் வீட்டு விசித்திரம். அப்பா சவரம் செய்வதை நிறுத்தினார். உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலைக்குத் தாடியோடு போனால் முதலாளி ஏசுவார், அப்படியும் செய்யவில்லை. மீன் வாங்குவது நின்றுவிட்டது. சோறும் பருப்பும், பருப்பும் சோறும். அம்மா என் தலைமயிரைப் பின்னிவிடவில்லை. "நீயே பின்னு, வளந்திட்டாய்தானே" என்றார். எல்லாவற்றையும்விடப் பெரிய விசயம், சாமித்தட்டுக்கு முன்னால் ஒரு துவாயைத் தொங்கவிட்டு மூடியிருந்தார்கள். விளக்கு எரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எண்ணெய் முடிஞ்சு போச்சு" என்றார் அம்மா.

குசினியில் எண்ணெய்ப் போத்தல் நிறைய இருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? நாம் வளர்ந்த பலெர்மோவில் நமக்குக் கிழவர்கள் இல்லை. யாரும் சாகவில்லை. நம் பெற்றோர் எல்லோரும் முப்பதுகளில் இருந்தார்கள், பகலெல்லாம் வேலை செய்தார்கள். ஊரில் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிகிற அடையாளங்கள் நமக்கு ஒன்றும் தெரியாது. சித்திரை, தைப்பொங்கல் எல்லாம் சொல்லித் தந்தவர்கள் இதைச் சொல்லித் தரவில்லை, சொல்லித் தரவேண்டிய தேவை வரவில்லை.

ஆகவே நான் துப்புத் துலக்கினேன். சாமியை மூடியாயிற்று. மதருக்கு நான் ஞானஸ்நானம் பெறாததுதான் குறை. இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். விடை பளிச்சென்று வந்தது. எனக்காக வீட்டோடு வேதத்துக்கு மாறப்போகிறார்கள்! அப்பாவின் தாடியும் அதற்காகத்தான். மதத்துக்குள் புதிதாகப் போகிறவர்கள் தாடி வளர்ப்பார்கள் என்று நானாகவே ஒரு சட்டமும் இயற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அதைக் கேட்டேவிட்டேன். "அம்மா, நாங்கள் வேதத்துக்கு மாறுறமோ?"

அம்மா என்னைத் திகைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தக் கிழமையில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "ஆர் உனக்குச் சொன்னது? விசர்க்கதை கதையாதை" என்றவர், சிரித்த சிரிப்பு முடியமுன்னமே முகத்தைத் திருப்பிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். வெட்கப்படுகிறார், ஆகவே உண்மைதான் என்று நான் முடிவு கட்டினேன்.

ஒத்திகைக்கு ஒருநாளும் தவறவில்லை. நோட்டாரின் மகள் முன்வரிசையில் இருந்து என் பகுதிகளை உதடசைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் தடுமாறினால் ஏறிவரத் தயார். நான் தடுமாறவில்லை. எந்தக் கசெட்டில் எந்த இடத்தைப் போடுவது என்பதைச் சரித்திர சிஸ்டர் தன் அறையில் தனியாக இருந்து கேட்டுத் தெரிவுசெய்தார். ஒத்திகையில் வாசிப்பு மட்டும்தான். கசெட்டுகளை விழா அன்றுதான் தருவேன் என்றார். சனிக்கிழமை என்னிடம் வந்து, "உன் அம்மா கட்டாயம் வரவேண்டும் பெர்க்கே. அவருக்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறேன்" என்று கண்களைச் சுருக்கிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். என் பட்டப்பெயரைத் திருப்பிச் சொன்னாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வரவில்லை, வேலை என்றார். அம்மா வந்தார். முன்வரிசையில் சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் அவருக்குக் கதிரை போட்டிருந்தது. அவர் அங்கே போகவில்லை. மண்டபத்துக்குள்ளேயே வரவில்லை. திறந்து கிடந்த பக்கக் கதவுக்கு வெளியே, படியில் நின்றார். ஒரு சிஸ்டர் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், வேலைக்காரி என்று கூச்சப்படுகிறார்" என்று இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது.

தொடங்கினோம். நான் வாசித்தேன், பொத்தானை அமத்தினேன், ஒரு பழைய மாணவி பேசினார், நிப்பாட்டினேன், வாசித்தேன். மண்டபம் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தது. ஆயர் தலையை ஆட்டினார். மதர்கூட ஒருதடவை ஆட்டினார். நோட்டாரின் மகள் உதடசைப்பதை நிறுத்திவிட்டாள். எனக்குச் சந்தோசம் தாங்கமுடியவில்லை.

பிறகு நிலவறைக்கு வந்தோம். சிஞ்ஞோராவின் கசெட்டைப் போட்டேன்.

"சுவர் நடுங்கும்" என்றது சிஞ்ஞோராவின் குரல். "சிஸ்டர் செபமாலையைத் தொடங்குவார். நாங்கள் எல்லோரும் பதில் சொல்வோம்…" அவர் மூச்சு விட்ட இடைவெளியில், பின்னால், தாழ்ந்து, ஒரு பெண்குரல் கேட்டது.

"ஓம்… ஓம்…"

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. சரித்திர சிஸ்டர் எழுந்து நின்றார். கை காட்டி என்னை நிப்பாட்டவேண்டாம் என்றார். மென்மையாக, ஆயரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அது எங்கள் வாசிப்பவளின் தாயார். சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்கிறார். ஓம் என்பது அவர்களுடைய மதத்தின் புனிதச் சொல். சிஞ்ஞோரா தன் பிள்ளைப் பிராயத்துச் செபத்தைச் சொல்லக் கேட்டு, அந்தத் தாயும் பக்கத்தறையில் நின்று தன் மொழியில் செபித்திருக்கிறார். இதை வெட்டி எறிய எனக்கு மனம் வரவில்லை."

ஏதோ ஒரு மிஷன் சஞ்சிகையில் படித்திருக்கிறார் பாவம். யாழ்ப்பாணத்தார் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்பார்கள் என்று அந்தச் சஞ்சிகையில் போட்டிருக்கமாட்டார்கள். கடைக்காரன் பை வேணுமா என்று கேட்டாலும் அம்மா ஓம் என்றுதான் சொல்வார்.

அத்தனை தலைகளும் பக்கக் கதவுப் பக்கம் திரும்பின. மீன்காரர் மகள் மட்டும் என்னைப் பார்த்தாள். கட்டைவிரலையும் சின்னவிரலையும் விரித்துக் காதில் வைத்து, போன், போன் என்று வாயசைத்தாள். அவளுக்கு அந்தளவுதான் தெரியும். மற்றதைக் கேட்டு விளங்கக்கூடியவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இரண்டு பேர்தான். கசெட் ஓடிக்கொண்டிருந்தது, சிஞ்ஞோராவின் குரலுக்கு அடியில் அம்மாவின் குரலும் ஓடியது.

"ஓம் அண்ணை, சொல்லுங்கோ… ஓம்… எப்ப?… ஓம்… வருத்தம் ஒண்டும் இருக்கேல்லைத்தானே… ஓம்… ஆர் கொள்ளி வைச்சது?… ஓம்… ஓம்… நான் இவருக்குச் சொல்லுறன்… இல்லை, பிள்ளைக்கு இப்ப சொல்லேல்லை அண்ணை. ஞாயிற்றுக்கிழமை முடியட்டும்… ஓம்."

என் விரல் பொத்தானில் இருந்தது. அமத்தியிருக்கலாம். அமத்தவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன்.

யார் என்று எனக்கு உடனே தெரிந்தது. 'இவருக்குச் சொல்லுறன்' என்றால் அப்பாவின் பக்கம். அப்பாவின் பக்கத்தில் மிச்சமிருந்தது ஒருவர்தான், அப்பப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைத் தூக்கி வைத்து எடுத்த ஒரு படம் வீட்டில் இருந்தது. அதில் அவர் சிரிக்காமல் நிற்பார். அவ்வளவுதான் எனக்கு அவரைத் தெரியும். ஆனால் அப்பா அந்தக் கிழமை முழுக்கத் தாடியோடு போய்க் கோப்பை கழுவியது என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஆயர் கைதட்டத் தொடங்கினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மதர் கண்ணைத் துடைத்தார். அப்பப்பா செத்த செய்திக்கு அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அது அவருக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று இன்றைக்கு எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. அன்றைக்கு அவர்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிக் கத்தவேண்டும் போலத்தான் இருந்தது.

கைதட்டல் அடங்கியதும் ஆயர் என்னிடம், "உன் தாய் எதற்காகச் செபித்தார் மகளே?" என்று அன்பாகக் கேட்டார்.

நான் கதவைப் பார்த்தேன். அம்மாவுக்கு இத்தாலியன் அவ்வளவு விளங்காது, ஆனால் நடந்தது விளங்கிவிட்டது. அவருடைய கண்கள் என்மேல் இருந்தன. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இப்போது அழுதால், இறங்கி ஓடினால், நோட்டாரின் மகள் ஏறிவருவாள். அம்மா ஐந்து நாளாக விழுங்கி வைத்திருந்தது எல்லாம் வீணாகும். அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியவருக்காக, மொன்சிஞ்ஞோர்" என்றேன்.

அது பொய்யில்லை. கடைசிப் பக்கத்தை வாசித்தேன். ஒரு சொல்லும் பிசகவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்றே ஞாபகம் இல்லை. அந்தக் கசெட் இப்போது எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. சரித்திர சிஸ்டர் வேறு ஊர் மடத்துக்கு மாறிப்போனபோது கூடப் போயிருக்கவேண்டும். அவருக்கு நான் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அவ்வளவு அழகாகப் பிழைவிட்ட ஒருவரை எப்படித் திருத்துவது?

மண்டபம் எழுந்து முற்றத்துக்குப் போனது, வாதுமைப் பலகாரம் சாப்பிட. நான் பக்கக் கதவால் வெளியே ஓடினேன். அம்மா ஒரு படி பின்னால் இறங்கினார்.

"அப்பப்பாவோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் துடக்கு, பிள்ளை."

அந்தச் சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. முகத்தைப் பார்த்து அம்மாவுக்கு அது விளங்கிற்று.

"செத்த வீட்டுத் துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு நல்லது கெட்டதுக்குப் போகேலாது, மேடை கீடை ஏறேலாது. கொப்பர் உன்னை விடமாட்டன் எண்டுதான் நிண்டவர். அவற்றை தேப்பன் எல்லே. காதிலை விழுந்தால்தான் துடக்கு, பிள்ளைக்குத் தெரியாட்டில் பிள்ளைக்கு இல்லை எண்டு நான்தான் சொல்லிச் சமாளிச்சன். அதுதான் வாயைத் திறக்கேல்லை. இவை வேதக்காரர், இவைக்கு உதெல்லாம் இல்லை, எண்டாலும் நான் உள்ளுக்கை வரக்கூடாது எண்டுதான் வாசலோடை நிண்டனான்." எட்ட நின்றே என் கழுத்துப்பட்டியைப் பார்த்தார். "நீ வடிவா வாசிச்சாய். போ. போய் அவையோடை நிண்டு சாப்பிடு. என்னிலை முட்டாதை."

அந்த நேரம் சரித்திர சிஸ்டர் ஒரு தட்டில் பலகாரத்தோடு முற்றத்திலிருந்து வந்துகொண்டிருந்தார், முகமெல்லாம் பூரிப்பு. அம்மா அவரைக் கண்டதும் இன்னொரு படி பின்வாங்கினார்.

நான் கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா நின்ற படிக்கு இறங்கினேன்.

"கிட்ட வராதை எண்டெல்லே சொன்னனான்."

"நானும் கேட்டிட்டன்தானே அம்மா" என்றேன். "எனக்கும் இப்ப துடக்குத்தானே."

அம்மா இரண்டு கையாலும் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, "ஐயோ மாமா" என்று அந்தக் கிழமையில் முதல்தடவையாக வாய்விட்டு அழுதார்.